அடுப்பில் ரொட்டி இருக்கும்போது

வந்தவர்கள் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. அதற்குள் அண்ணன் கண்ணை மூடிவிட்டார்.

"மனுஷன் பேச்சு அப்புறம் இருக்கட்டும். முதல்ல வேண்டிக்குவோம்."

மாவு லாரி ஓட்டுகிறவரும் அவருடைய அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் கேட்டு வந்த இடத்தில், வேண்டாம் என்றா சொல்ல முடியும்? அவர்களும் கண்ணை மூடினார்கள். அண்ணி சுவரோரம் உட்கார்ந்து தலைகுனிந்தாள். அவளுக்குப் பக்கத்தில், முழங்கை வரை மாவு ஒட்டியிருக்க, தங்கச்சி. வண்டிச் சத்தம் கேட்டபோதுதான் சாயங்காலத்து ரொட்டியை அடுப்பில் தள்ளிவிட்டு வந்திருந்தாள். அடுப்புக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான்.

நாற்பதை நெருங்கிவிட்டாள். அண்ணனுக்கு இன்னும் அவள் 'பாப்பா'தான். ரொட்டிக்கடை வேலை என்று வரும்போது மட்டும் பெரியவள். அப்பா இறந்த வருஷம் மாவில் கை வைத்தாள், இன்னும் எடுக்கவில்லை. "எங்க பாப்பா கை பட்டாத்தான் மாவு எழும்பும்" என்று வாடிக்கையாளர்களிடம் அண்ணன் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையே போதும் என்று நினைத்தாரோ என்னவோ, அவளுக்குக் கூலி என்று எதுவும் கொடுத்ததில்லை.

பெண் கேட்டு ஆள் வராமல் இல்லை. முதலில் ஒரு பள்ளிக்கூட குமாஸ்தா வந்தார். அண்ணன் வேண்டிக்கொண்டார், கடவுளின் வேளை வரவில்லை என்று தெரிந்தது. பிறகு ஒரு தையல்காரர். அவர் இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார். அந்தக் கல்யாணத்துக்கு அண்ணன் தன் கடை ரொட்டியை இலவசமாக அனுப்பினார். "பாத்தியா பாப்பா, கடவுள் அவனுக்கு வேற ஒருத்திய வச்சிருந்திருக்காரு. நாம அவசரப்பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" அந்த ரொட்டியையும் அவள்தான் சுட்டாள்.

அண்ணனைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வேளை வரவில்லை என்று அவர் மனதார நம்பினார். அது வந்துவிட்டால் விடியற்காலையில் மாவு பிசைவது யார் என்ற கேள்வியும் அதே மனதில் பக்கத்து அறையில் குடியிருந்தது. இரண்டும் ஒருநாளும் சந்தித்துக்கொண்டதில்லை, அவ்வளவுதான். மற்றபடி அடுப்பு பழுதானால் அன்றே மெக்கானிக்கை வீடு தேடிப் போய்க் கையோடு இழுத்து வருவார். மகனுக்குக் கல்லூரியில் இடம் வாங்க இருட்டோடு இருட்டாக வரிசையில் போய் நின்றவர். அதற்கெல்லாம் கடவுளைத் தொந்தரவு செய்ததில்லை.

தங்கச்சியும் கடவுளை நம்பினாள். அண்ணனைவிட அதிகமாகவே நம்பினாள். கைகள் மாவில் இருக்கும்போது உதடு மட்டும் அசையும்: "உங்க இஷ்டப்படியே ஆகட்டும். கொஞ்சம் என்னையும் ஞாபகம் வச்சுக்கங்க."

மாவு லாரிக்காரர் மனைவியை இழந்தவர். மற்றவர்களைப் போல மூட்டையைத் தொப்பென்று போடமாட்டார். மாவு பறந்து அவள் முகத்தில் படியாதபடி மெல்ல இறக்குவார். ஒருநாள் அவள் மணிக்கட்டில் சூட்டுக் காயத்தைப் பார்த்தார். அடுத்த வாரம் மூட்டையின் மேல் தடித்த துணிக் கையுறை ஒரு சோடி இருந்தது. அன்று மாவு பிசையும்போது அவளுக்கு அழுகை வந்தது. அந்தக் காயம் தெரியாமலே அதே கையிலிருந்து தினமும் தேநீர் வாங்கிக் குடித்தவர் அண்ணன்.

"ஆண்டவனே, எங்களுக்குப் பொறுமையக் கொடு," என்று அண்ணன் வேண்டிக்கொண்டிருந்தார். "என் தங்கச்சிக்கு நீ குறிச்ச வேளை இதுதானான்னு எங்களுக்குத் தெரியல. இன்னைக்கே ஒரு அடையாளம் காட்டு. எங்க மரமண்டைக்கும் புரியற மாதிரி காட்டு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரொட்டி வெந்த வாசனை வந்தது. எடுக்க வேண்டிய நேரம். தங்கச்சியின் கால் தானாக அசைந்தது. உடனே பழைய ஞாபகம் வந்தது. ஒருமுறை இப்படித்தான் பிரார்த்தனை நடுவில் எழுந்து போய் ரொட்டியை எடுத்தாள். கடையில் நாலு பேர் பார்க்க அண்ணன் கேட்டார், "உனக்குக் கடவுள் பெருசா, ரொட்டி பெருசா? இனி நடுவுல எந்திரிச்சே, பாத்துக்க."

இருந்தாலும் பழகிய உடம்பு எழப் பார்த்தது. அப்போது அவள் கையை ஒரு கை பிடித்து அழுத்தியது. அண்ணி. கண் மூடியிருந்தது, முகத்தில் அப்படியொரு பக்தி. பிடி மட்டும் இரும்பாக இருந்தது.

வாசனை கசந்தது. அண்ணன் பொறுமையின் மேன்மையைப் பற்றிக் கடவுளுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவிடுக்கு வழியாகப் புகை வந்தது. லாரிக்காரரின் அக்கா இருமினாள்.

"காத்திருக்கிறவங்களுக்கு ஒரு குறையும் வராதுன்னு… என்ன இது, கருகற நாத்தம்?"

அண்ணன் எழுந்து ஓடினார். திரும்பி வந்தபோது கையிலிருந்த தட்டில் எல்லாம் கரி.

"பாப்பா, உனக்கு மூக்கு இல்லையா? எந்திரிச்சு எடுக்கிறதுக்கு என்ன?"

"நடுவுல எந்திரிக்கக் கூடாதுன்னு நீங்கதானேண்ணா சொன்னீங்க."

"அதுக்காக? எடுக்க வேண்டிய நேரத்துல எடுக்க வேணாமா? நேரம் தப்பினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்ணா," என்றாள் தங்கச்சி. "ரொம்ப நாளா தெரியும்."

அண்ணன் தட்டைப் பார்த்தார்.

"அடையாளம் கேட்டீங்களே தம்பி," என்றாள் லாரிக்காரரின் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதுக்கு மேல தெளிவா வேணும்னா வீட்டையேதான் கொளுத்தணும்."

"அதில்லைங்க… எதுக்கும் இன்னொரு தடவை வேண்டிக்கிட்டு…"

"உக்காந்து பேசுங்க," என்றாள் அண்ணி. "கண்ணைத் தொறந்துக்கிட்டே பேசுங்க. கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு."

தங்கச்சி லாரிக்காரரின் அக்காவைப் பார்த்து, "எனக்குச் சம்மதம்" என்றாள். அதுவரை வாயே திறக்காத லாரிக்காரர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

கல்யாணம் முடிந்தது. வேலைக்கு ஆள் வைத்தால் கூலி கேட்பார்கள் என்பதால் அண்ணனே மாவு பிசைய இறங்கினார். பிசைவதில் தப்பில்லை, தங்கச்சி பக்கத்தில் நின்று எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தாள். ஆனால் மாவின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு அவரால் இருக்க முடியவில்லை. துணியைத் தூக்கிப் பார்ப்பார், மூடுவார், மறுபடி தூக்குவார்.

"கொஞ்சம் பொறுங்களேன், தானா எழும்பும்," என்பாள் அண்ணி.

"எவ்வளவு நேரந்தான்டி ஒரு மனுஷன் காத்திருக்கிறது?" என்று சொல்லி, எழும்பாத மாவை அடுப்பில் தள்ளுவார்.

"இது திங்கறதுக்கா, கதவுக்கு முட்டுக் கொடுக்கவா?" என்று தெருவில் கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பேச்சு தங்கச்சியின் புது வீட்டுக்கும் போயிற்று. அவள் சிரிக்கவில்லை. விளக்கை அணைக்குமுன் தன் வீட்டுக்காரருக்கும் அவருடைய அக்காவுக்கும் வேண்டிக்கொண்டாள். அண்ணியின் கைக்கு நன்றி சொன்னாள். பிறகு அண்ணனுக்காகவும் கும்பிட்டாள்.

"எங்க அண்ணனுக்குக் கொஞ்சம் பொறுமையைக் கொடுங்க."

ஒரு நிமிஷம் யோசித்தாள். கடவுளை அவசரப்படுத்துவது அவளுக்குப் பழக்கமில்லை.

"உங்களுக்கு எப்ப முடியுதோ, அப்பக் கொடுத்தாப் போதும்."