இடவலம் மாறிய சித்தப்பா

டி-ஷர்ட்டுக்கு எழுத்து வெட்டும்போது கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். அப்போதுதான் சூடு வைத்து ஒட்டினால் நேராக விழும். ஸ்டிக்கர் கடைக்காரருக்கு இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும், ஒரு குடும்பம் சுற்றுலா போவதற்குக் கேட்ட ‘அத்தை’, ‘மாமா’, ‘பெரியப்பா’ டி-ஷர்ட் வரிசையில் ‘சித்தப்பா’வை மட்டும் மாற்ற மறந்துவிட்டார். மெஷின் மேல் பழி போட முடியுமா?

“என்னண்ணே, எங்க சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறாரு?” வாங்க வந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். “பரவால்ல, வேற போட்டுக் குடுங்க.”

வேறு போட்டுக் கொடுத்தார். கெட்டுப்போனதை, துணி நல்ல துணியாயிற்றே என்று வீட்டுக்கு எடுத்துப் போனார். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, கல்யாணமும் கூடிவரவில்லை. சித்தப்பா என்று கூப்பிட நாதியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளித்துவிட்டு அதை மாட்டிக்கொண்டு, தலை சீவக் கண்ணாடி முன் நின்றார். நெஞ்சின் நடுவில் ‘சித்தப்பா’ என்று நேராக, அழகாகத் தெரிந்தது.

“என்னம்மா?” என்றார்.

முந்தின நாள் கடை சாத்தியதிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.