குணமானவர்கள் பட்டியல்

காலையில் வார்டு, மதியத்துக்கு மேல் கணினி. துபாயின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் அஃப்னாவுக்கு 2008ஆம் ஆண்டு இப்படித்தான் போனது. மருத்துவமும் ஆராய்ச்சியும் சேர்ந்த பயிற்சி. வெயிலில் உழைத்துச் சிறுநீரகம் கெட்டுப்போன கட்டடத் தொழிலாளிகளில் யாருக்கு உயிராபத்து என்று முன்கூட்டியே சொல்லும் நிரல் ஒன்றை அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

நிரல் ஓடியது. ஆனால் சிறுநீரகம் மிக மோசமானவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்றது. கணக்கை மூன்று முறை சரிபார்த்தாள், அதில் தப்பில்லை. கோப்புகளைத் திறந்தபோதுதான் புரிந்தது. விசா ரத்தாகி ஊருக்கு அனுப்பப்பட்டவர்களை எல்லாம் 'குணமானவர்' என்றே பதிந்திருந்தார்கள்.

அதில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்த பன்னீர்செல்வமும் இருந்தார். அவளே பார்த்த நோயாளி. கோப்பிலிருந்த ஊர் எண்ணுக்கு அழைத்தாள். அவர் மனைவி சரசு எடுத்தாள்.

"துபாய்லேர்ந்து டாக்டர் பேசுறேன். உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"அவரு போய்ச் சேந்து அஞ்சு மாசமாச்சுங்க. வந்து இருவது நாளு கூட இருக்கல. சரியாப் போச்சுன்னுதான அனுப்புனீங்க?"

அனுப்பச் சம்மதித்தது அஃப்னாதான். கம்பெனி டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்; அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. "மன்னிச்சிடுங்கம்மா" என்றாள்.

அடுத்த இரண்டு வாரத்தில் அறுபது வீடுகளுக்குப் பேசினாள். இருபத்தாறு பேர் இறந்திருந்தார்கள். பட்டியலை வழிகாட்டியான டாக்டர் வெங்கட்ராமன் முன் வைத்தாள். ஆய்வுக்கட்டுரை அனுப்ப நான்கு நாள்தான் இருந்தது.

"ஃபோன்ல கேட்டதெல்லாம் டேட்டா ஆகாதும்மா. அந்த கேஸ்களை எடுத்துட்டு அனுப்பு."

"எடுத்துட்டா ஊருக்குப் போய்ச் செத்தவங்க கணக்குலயே இருக்க மாட்டாங்க சார். அப்புறம் இந்த ப்ரோக்ராமை நம்பி இன்னும் பலபேரை ஊருக்கு ஏத்தி விடுவாங்க."

"உன் ட்ரெயினிங் போயிடும்." மிரட்டலாக இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்.

அவள் கட்டுரையை அனுப்பவில்லை. அடுத்த மாதம் ஆராய்ச்சி இடம் பறிபோனது. பழைய கோப்புகளைத் திறக்கும் அனுமதியும் போனது. மிஞ்சியது வார்டு டியூட்டி.

அங்கே கால் வீங்கிப் படுத்திருந்த அருள்முருகன் ஒருநாள் கேட்டார்: "ஊருக்குப் போனா சரியாயிடும்ல மேடம்?"

"ஆகாதுண்ணே. டயாலிசிஸ் ஆரம்பிச்சிட்டுத்தான் போகணும்."

கம்பெனி ஆட்களோடு மூன்று நாள் மல்லுக்கட்டி அவரை நிறுத்திவைத்தாள். இரண்டு முறை டயாலிசிஸ் ஆனதும் விமானம் ஏற்றிவிட்டார்கள். ஊர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் ஒன்றைத் தமிழில் எழுதி, தன் எண்ணையும் போட்டு, அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்பினாள்.

ஒன்றரை மாதம் கழித்துத் தஞ்சாவூரிலிருந்து அவர் அழைத்தார்.

"வாரம் ரெண்டு தடவ மெஷின்ல போடுறாங்க மேடம். வேலைக்கெல்லாம் போக முடியல. இருக்கேன்."