முதலிடத் துறையின் மூன்று கேள்விகள்

1
இந்தக் கதை என் தங்கையிடம் திருடியது. பதினொரு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள், இப்போது கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். அதுவும் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதலிடம் பிடித்த துறையில்! அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே காய்கறி வாங்கப் போவாள். வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர் எழுதும் நான் கேலி செய்தால், "உன் தொடர்ல வாராவாரம் ஒருத்தன் சாகறான். நான் எதையாவது கண்டுபிடிக்கறேன்ல?" என்பாள்.

2
ஆரம்பம் ஒன்று: பேராசிரியரின் அறைக் கதவுக்கடியில் ரத்தம் கசிந்து

வேண்டாம். பழக்கதோஷம். இங்கே யாரும் சாகவில்லை. (கொலை என்றால் போலீஸாவது வரும்.)

ஆரம்பம் இரண்டு: வகுப்பில் குழந்தைகள் தாமாக எத்தனை கேள்வி கேட்கிறார்கள்? இதுதான் அவள் ஆய்வு. இரண்டு பள்ளிகள், பள்ளிக்கு நாற்பது வகுப்புகள். கடைசி வரிசையில் உட்கார்ந்து எண்ணினாள். துறையே நடத்தும் மாதிரிப் பள்ளியில் மொத்தம் மூன்று கேள்விகள். மூன்றும் "வெளியே போகலாமா டீச்சர்?" சாலையின் எதிர்ப்புறம், கூரை ஒழுகும் பள்ளியில் இருநூற்றுப் பன்னிரண்டு.

3
[வழிகாட்டிப் பேராசிரியருக்கு வில்லன் மீசை வைத்தேன். எடுத்துவிட்டேன். நிஜத்தில் இனிமையானவர். டீ கொடுத்துவிட்டுத்தான் அட்டவணையைப் பார்த்தார்.]

"பள்ளிப் பேரை இடம் மாத்திப் போட்டிருக்கீங்கம்மா."

"இல்ல சார், சரியாத்தான் இருக்கு."

"மாத்திப் போட்டிருக்கீங்க," என்றார், இன்னும் இனிமையாக. "அடுத்த மாசம் தரவரிசைக் குழு வருது. நம்ம துறைன்னு ஒரு பெருமை இருக்குல்ல? திருத்திக் கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

ஐந்து வருட உழைப்பு அந்தக் கையெழுத்தில் தொங்குகிறது.

4
அவள் வந்து சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பத்திரிகையில கிழிச்சுத் தொங்க விடறேன் பாரு!"

"அது உன் தொடர்தான், அண்ணா. என் ஆய்வு ஆகாது."

"அப்ப அந்த அட்டையைக் கழட்டி அவர் மூஞ்சில வீசு."

"நான் எதுக்கு வீசணும்? பரீட்சை எழுதி வாங்கினது. அது என் துறையும்தான். அவர் மட்டும்..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்க மாட்டேன்.

5
முடிவு அ: பெயரை மாற்றி டாக்டர் ஆகிறாள். (எழுதக் கை கூசுகிறது.)
முடிவு ஆ: குழுவின் முன் எழுந்து முழங்குகிறாள், அரங்கம் அதிர (சினிமா. அடித்துவிட்டேன்.)

இன்று காலை, ஓர் எழுத்தும் மாற்றாத அதே அட்டவணையைப் புதிதாக அச்செடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இன்னும் திரும்பவில்லை.

கையெழுத்துப் போட்டாரா? என்னைக் கேட்காதீர்கள். முடிவெழுதும் பேனா உங்கள் கையில். எதிர்ப்பள்ளியின் பெயருக்கு நேரே மூன்று என்று எழுதத் துணிந்தால், முதலில் அங்கே போய்க் கடைசி வரிசையில் ஒரு வகுப்பு உட்காருங்கள். ஏதாவது ஒரு குழந்தை திரும்பிப் பார்த்து, "நீங்க யாரு? எங்களப் பத்தி என்ன எழுதறீங்க?" என்று கேட்கும்.

அதற்குப் பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.