ரொட்டிக்குள் சிப்ஸ்

வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டின் மேல் சிப்ஸைக் கொட்டி, இன்னொரு துண்டால் மூடி, உள்ளங்கையால் அழுத்தினாள் கெய்னர். நொறுங்கும் சத்தம் முன்னறை வரை கேட்டுவிட்டது.

"சமையக்காரம்மா, இன்னிக்கு என்ன விருந்து?" நெவிலின் குரல் நூலாக வந்தது.

"உருளைக்கிழங்கு. மெத்தைக்கும் போர்வைக்கும் நடுவுல படுக்க வச்சிருக்கேன்."

"தொட்டுக்க?"

"ஒண்ணுமில்ல."

"அதானே பாத்தேன். வெள்ளைக்காரன் சமையல்னா அப்படித்தான்."

அவனைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைக்கத் தினமும் வரும் ஃபோலகே சிரித்தாள். நைஜீரியாவிலிருந்து போன வருடம்தான் இங்கிலாந்தின் ஹல் நகரத்துக்கு வந்திருந்தாள். "ஐயா, பாதி உலகத்தப் புடிச்சீங்க. கண்ட மசாலாவையும் கப்பல்ல ஏத்திட்டு வந்தீங்க. அதெல்லாம் எங்கதான் வச்சிருக்கீங்க?"

"மியூசியத்துல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள. யாரும் தொடக்கூடாது."

சிரிக்கப் போய் அவனுக்கு மூச்சு முட்டியது. ஃபோலகே முதுகைத் தாங்கிப் பிடித்தாள். கெய்னர் தட்டோடு அறை வாசலிலேயே நின்றாள்.

ஆஸ்பத்திரிக் கட்டில் வந்த நாளிலிருந்து அந்த வீட்டின் தெருக்கதவு திறக்கப்படவில்லை. அந்த வரிசையில் எல்லா வீடுகளும் அப்படித்தான். கதவைத் திறந்தால் நேரே முன்னறை. கட்டிலின் கால்மாடு கதவை அடைத்துக்கொண்டது. போக வர எல்லாம் பின்பக்கச் சந்து வழியாகத்தான். ஜன்னல் திரையை விலக்கினால் போகிறவர்கள் உள்ளே பார்ப்பார்கள் என்பதால் அதையும் விலக்குவதில்லை.

அவர்களுக்கு விவாகரத்தாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டை விற்றால் கிடைக்கும் காசில் இருவருக்கும் தனித்தனி இடம் தேறாது. அதனால் அவள் மாடியில் முன்பக்க அறை, அவன் பின்பக்க அறை, குளிர்பெட்டியில் ஆளுக்கொரு தட்டு என்று பிரித்துக்கொண்டார்கள். அவரவர் சாப்பாடு அவரவருக்கு. அவன் டப்பா பீன்ஸை ரொட்டி மேல் கவிழ்த்து, பெரிய ஓட்டல் பணியாளைப் போல் முழங்கையில் துண்டு போட்டுக்கொண்டு தனக்குத்தானே பரிமாறுவான். அவளுக்குச் சிரிப்பு வரும். அதற்குத்தான் அவள் முதலில் அவனைக் கட்டிக்கொண்டாள். அதற்குத்தான் விட்டதும். எதைச் சொன்னாலும் அதை வேடிக்கையாக்கி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவான்.

வசந்தத்தில் அவள் பிரிட்லிங்டனுக்குக் குடிபோவதாக இருந்தது. சிநேகிதி மேக்சின் வீட்டு மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கடல். அவனிடம் சொல்வதற்கு ஒரு சனிக்கிழமையைக் குறித்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னான். "கணையத்துல புற்றுநோயாம். நானே சமைச்சு நானே தின்னதுக்குத் தண்டனை."

அவளை இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. போகச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. வீடு தேடி வரும் மாவட்ட நர்ஸ் 'உங்க வீட்டுக்காரருக்கு' என்று பேசினாள். கெய்னர் ஒருமுறை திருத்தினாள். பிறகு விட்டுவிட்டாள். இப்போது நவம்பர்.

ஃபோலகே தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். கெய்னர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உப்ப மட்டும் காட்டு."

விரலில் ஒட்டியிருந்த சிப்ஸ் தூளை அவன் உதட்டில் தடவினாள்.

"வினிகர் பத்தல," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "பிரிட்லிங்டன் ரூம் இன்னும் காலியா இருக்கா?"

"யாரு சொன்னா?"

"மேக்சின் போன் பண்ணா. ஏப்ரல்ல. நீ கடைக்குப் போயிருந்த."

"அப்பவே தெரியுமா?"

"ம்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

வேடிக்கையாக ஏதோ வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"கேட்டிருந்தா நீ போயிருப்ப," என்றான்.

தட்டை எதிர்ச்சுவரில் எறியலாம் போல இருந்தது. வேனிற்காலம் முழுவதும், இலையுதிர்காலம் முழுவதும், திரை மூடிய இந்த அறை. தலையணையோடு சேர்த்துத் தூக்கினாலும் ஒரு கோட்டின் கனம்கூட இல்லாதவனிடம் எப்படிக் கத்துவது?

"நீ ரொம்ப மோசமான ஆளு, நெவில்."

"தெரியும்."

"தெரியும்னு சொல்லாத."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் ரொட்டியைக் கடித்தாள். பசியில்லை. ஆனாலும் வேண்டுமென்றே, அவன் காதுக்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு கடியும் மொறுமொறுவென்று கேட்கும்படி மென்றாள். ஓரம்கூட விடவில்லை. தின்று முடித்தபோது அறை மிகவும் அமைதியாக இருந்தது.

ஃபோலகே ஈரத்துண்டோடு வந்தாள். நின்றாள். குனிந்து அவன் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தாள்.

"அம்மா," என்றாள்.

"சாப்பிட்டுட்டு இருந்தேன். இங்கதான் இருந்தேன்."

"ஆமாம்மா. இங்கதான் இருந்தீங்க."

நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள். உடலை எடுத்துப்போகக் கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். சந்து வழியாக ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று கட்டிலை இழுத்து நகர்த்தினார்கள். கதவு ஈரத்தில் ஊதிப்போயிருந்தது. பெரியவர் தோளால் இரண்டு முறை மோதியதும் திறந்துகொண்டது. பகல் வெளிச்சத்தில் கம்பளத்தின் கறைகள் எல்லாம் தெரிந்தன. போர்த்திய உருவத்தைப் படியில் சாய்த்து இறக்கும்போது, "மெதுவா," என்றாள்.

ஃபோலகே கோட்டை மாட்டினாள். "அடுத்த வீட்டுக்கு ஏற்கெனவே நேரமாயிடுச்சும்மா. போகலேன்னா கம்பெனிக்காரங்க... என் விசா அவங்க கையிலதான் இருக்கு."

"போம்மா. நீ போ."

ஃபோலகே அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டுவிட்டுத் தெருவில் வேகமாக நடந்தாள். கறுப்பு வண்டியும் முனையில் திரும்பிவிட்டது. கெய்னர் காலுறையோடு படியில் நின்றாள்.

வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. ஒரு ஆள் அட்டைப்பெட்டியோடு இறங்கினான்.

"பதினேழாம் நம்பர்ல யாருமில்ல. நீங்க வாங்கி வச்சுக்கிறீங்களா? சாயங்காலம் வந்து எடுத்துக்குவாங்க." பெட்டியோடு அவன் கை அதற்குள் நீண்டுவிட்டது. "நீங்க வீட்டுலதான இருப்பீங்க?"

அவள் தெருமுனையைப் பார்த்தாள்.

"இருப்பேன்," என்றாள்.

வேன் போய்விட்டது. பெட்டியில் அப்படியொன்றும் கனமில்லை. யாருக்கு வந்தது, என்ன என்று அவள் பார்க்கவில்லை. தூறல் ஆரம்பித்து, அட்டையின் மேல் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று விழுவதற்குள் அவள் குனிந்து, பெட்டி நனையாதபடி தன் உடம்பால் மறைத்துக்கொண்டாள்.