மணலில் இறங்கிய லாரி

சித்திரை முற்றியிருந்தது. காவிரி நீரற்று வெண்மணலாய் விரிந்து, வானத்தை இரந்து கிடந்தது. நிழலும் ஓரிடத்தில் நிலைகொள்ளாத அந்த நண்பகலில், கருங்கல் பாரத்தோடு அழகிரியின் லாரி பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துச் சரிவில் இறங்கியது.

பிரேக்கை மிதித்தான், பிடிக்கவில்லை. கீழே, தேர் பார்த்துத் திரும்பும் கூட்டம் சாலையை அடைத்து வந்தது. ‘ரங்கா! ரங்கா!’ என்ற கோஷத்தில் ஹாரன் ஒலி அமிழ்ந்தது.

“பிரேக் போச்சு, அண்ணே! கெட்டியாப் பிடிச்சுக்குங்க!”

பக்கத்திலிருந்த கல்தச்சர் சின்னையன் பதறினார். கோயில் நந்தவனத்துக்கென நேர்ந்துகொண்டு அவர் ஆறு மாதம் செதுக்கிய துளசி மாடம் பின்னால் பாரத்தின்மேல் இருந்தது.

இடப்புறம், மணல்வண்டிகள் ஆற்றுக்குள் இறங்கும் தடம் தெரிந்தது. தறிகெட்ட வண்டியை இளகிய மண்தான் பிடித்து நிறுத்தும் என்பது பச்சைமலைப் பாதையில் அழகிரி கற்ற பாடம்.

“ஆத்துலயா விடறே? என் மாடம் நொறுங்கிடும்டா!”

“ஜனம் நொறுங்கலாமா?”

திருப்பினான். சக்கரங்கள் மணலை உழுதன. அச்சுவரை புதைந்து லாரி நின்றது. பின்னால் கல் பிளக்கும் ஓசை கேட்டது.

கூட்டம் ஒன்றும் அறியாமல் நடந்துகொண்டிருந்தது. சின்னையன் இறங்கி, இரண்டாய்ப் பிளந்த மாடத்தை வெகுநேரம் பார்த்தார்.

“அடுத்த மாடத்தையும் நீதான் ஏத்திட்டு வரணும். பிரேக்கைப் பாத்துட்டு வா” என்றார் அவர்.

பிறகு கோபுரத் திசை நோக்கிச் சுடுமணலில் விழுந்து வணங்கினார். எழுந்து, அழகிரியின் தலையில் கைவைத்தார்.

“பிள்ளை குட்டியோட நூறு வருஷம் நல்லா இருப்பா.”