ரெண்டு மீட்டருக்கு இடம்

...மீட்டர் பலகை சின்னதா பெரிதா என்று சமுத்திரம் கேட்டதில் தப்பே இல்லை, எலெக்ட்ரீசியன் கேட்க வேண்டியதைத்தான் கேட்டான், யோசிக்காமல் வாயைத் திறந்தது நான், யோசித்திருந்தால் மட்டும் வேறு சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. முன்வாசலை இழுத்து அறை கட்டினால் பழைய மீட்டர் அறைக்குள் மாட்டிக்கொள்ளும், ரீடிங் எடுக்க வருகிறவர் கண்ணில் படாது, வெளிச்சுவருக்கு மாற்றுங்கள் என்றார்கள், சரி என்று எழுதிக்கொடுத்து அலையாய் அலைந்து, இன்றைக்குத்தான் ஈபியிலிருந்து ஒருவர் வந்து போஸ்டில் ஏறி லைனைக் கழற்றினார், கழற்றிய கையோடு டீ குடிக்கப் போனார், ராஜபாளையத்தில் எந்தக் கடையில் டீ ஆறுகிறதோ, ஆள் இன்னும் வந்தபாடில்லை. கரண்ட் இல்லாத வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மறந்ததால்தானே இந்த வினை...

என் வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் மிஷின் வந்ததிலிருந்து இந்த வீட்டில் எப்போதும் உர்ரென்று ஒரு சத்தம், செத்த நேரத்துக்கு ஒருமுறை ஒரு பெருமூச்சு, அது மிஷினின் பெருமூச்சு, அவருடையது அல்ல, ஸ்பின்னிங் மில்லில் காலமெல்லாம் பஞ்சுத் தூசியைத் தின்ற நெஞ்சு அவருடையது, பெருமூச்சு விடக்கூட அதற்குத் தெம்பு கிடையாது. அந்தச் சத்தத்தில் சன்னலுக்கு வெளியே என்ன பேசினாலும் கட்டிலில் கிடக்கிற ஏசுவடியானுக்குக் கேட்காது. எனக்கு அது ஒரு வசதியாகவே ஆகிவிட்டது, மகள் ஜெமி கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினால் நான் பேசுவது அந்தச் சன்னல் ஓரத்தில்தான், நிழல் இருக்கிறது, அவர் கண்ணிலும் நான் பட்டுக்கொண்டிருப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு இந்த மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம்மா என்று சொன்னதைக்கூட அங்கே நின்றுதான் மகளிடம் சொன்னேன், அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன். இன்றைக்கு மிஷின் ஓடவில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் சிலிண்டரை வைத்து மாட்டியிருக்கிறது, அது சத்தம் போடாது, தண்ணீரில் குமிழி விடும், அவ்வளவுதான். நான்தானே மாட்டினேன். மாட்டிவிட்டு வெளியே வந்து, அதே சன்னல் ஓரத்தில் நின்று, வழக்கமான குரலில்...

"அக்கா, பொறவு இன்னொரு சர்வீஸ் வருமா? வரும்னா பலகைய இப்பவே பெருசாப் போட்டுருவேன், திரும்பச் செவத்தக் கொத்த வேண்டாம் பாத்துக்கோங்க" என்றான் சமுத்திரம். "ரெண்டு மீட்டருக்கு எடம் விட்டே போடுப்பா, நாளைக்கி அந்த ரூம வாடகைக்கு விட்டா அவுகளுக்குத் தனி மீட்டர் வேணும்லா" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது, மனப்பாடம் பண்ணிவைத்த வசனம் மாதிரி. அந்த ரூம் யாருக்கு? அவருக்குத்தானே, தெருவைப் பார்த்துப் படுக்கட்டும், கொல்லைப் படியில் இறங்கிக் கக்கூசுக்குப் போக வேண்டாம், சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போய்த் திரும்பட்டும் என்று, வீட்டிலிருந்து அந்த ரூமுக்குப் போகிற நடுவாசலுக்கு அகலமான நிலை செய்யச் சொன்னதுகூட அவரை மனதில் வைத்துத்தானே, அவரிடம் எத்தனை தடவை சொன்னேன், ஒங்களுக்குத்தான் ஒங்களுக்குத்தான் என்று. பொய் சொல்லவில்லை, சத்தியமாகப் பொய் இல்லை. ஆனால் அதே வாய்தான் குடித்தனக்காரனுக்கும் இடம் விடச் சொல்கிறது, ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே. பேசி முடித்துச் சன்னலுக்குள் பார்த்தால் அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அப்போதுதான் உறைத்தது, குமிழிச் சத்தம் எனக்கே கேட்கிறது, வெளியே நிற்கிற எனக்கே.

உள்ளே போகாமல் இருக்க முடியுமா, போனேன், என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலே போனேன், அது ஜெமி வந்தா தங்குததுக்கு என்று சொல்லலாமா, மகளுக்கு எதற்குத் தனி மீட்டர், சின்னப் பிள்ளைகூட நம்பாது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால்கூடக் காலைப் பிடித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். போர்வையைச் சரிசெய்தேன், அது சரியாகத்தான் இருந்தது. "ரத்தினம்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "வாடகைக்கு விடுததுன்னா... நடுவாசல் வேண்டாம். அடைச்சிரச் சொல்லு. வீட்டுக்குள்ள வாசல் இருந்தா... நல்ல குடித்தனம் வராது." அவ்வளவுதான், கோபம் இல்லை, குத்தலும் இல்லை, மில்லிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டே வீட்டு விஷயம் பேசுகிற அதே குரல். நான் "சும்மா இருங்க" என்றேன்.

இது இப்போது கேட்டு இப்போது சொன்ன பேச்சு மாதிரி இல்லையே... நிலை, வாசல், குடித்தனம் என்று எல்லாவற்றையும் எப்போது யோசித்து வைத்தார்? மிஷின் சத்தத்தில் கேட்காது என்று நானாகத்தானே முடிவு பண்ணினேன், அவரிடம் ஒருநாளாவது கேட்டேனா? டாக்டர் சொன்னதும் காதில் விழுந்திருக்குமோ, நான் சிரித்துக்கொண்டே சொன்னதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருப்பாரோ... கேட்டுவிடலாம், நாலு எட்டில் கட்டில், கேட்க முடியவில்லை. என்மேல் எரிச்சல்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், நீ போட்ட கணக்கில் ஒரு இடம் தப்பு என்று திருத்திக் கொடுக்கிறாரே, இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன். அடைக்கச் சொன்னால் அவர் அந்த அறைக்குள் போகவே போவதில்லை என்று என் வாயாலேயே சொன்னதாகும், அடைக்காவிட்டால் இத்தனை மூச்சைச் செலவழித்து அவர் சொன்னதைத் தட்டியதாகும்.

வெளியே வந்தால் கொத்தனார் மாரிச்சாமி அந்த அகல நிலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்து நிற்கிறார், கலவை குழைத்தாயிற்றாம். "என்னக்கா, நடு நிலைய நிறுத்திரலாமா?" கை தன்னால் முந்தானையைத் தேடியது, கண்ணைத் துடைத்தேனா, மூக்கைத் துடைத்தேனா, "நிறுத்துங்க. அவிய நாற்காலி போய் வரணும்லா, நல்லா அகலமா நிறுத்துங்க" என்றேன். மாரிச்சாமி தலையை ஆட்டிவிட்டு ரசமட்டத்தை எடுக்கக் குனிந்தார். சொன்னது மனசாரத்தான், அதில் சந்தேகமில்லை... ஆனால் மாரிச்சாமி எனக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில்தான் நின்றார், அவரிடம் சொல்ல, சன்னல் தாண்டிக் கேட்கிற அவ்வளவு சத்தம் தேவையில்லை.