பஸீரின் டீசல்

டீசலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம், நோன்பு மாதத்தில், மாத்தளையில் வேன் ஓட்டிய பஸீருக்கு வியர்வைக்குப் பதிலாக டீசல் வந்தது. நல்ல டீசல்தான். புகை குறைவு, ரோல்ஸ் பொரித்த வாசம் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

காரணம் அவன் மனைவி நப்லா. அவளும் அதை மறுத்ததில்லை. மகள் ஜெஸ்லாவை வாரம் இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்; ஒரு தடவை தவறினாலும் பிள்ளையின் முகம் வீங்கிவிடும். வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய பஸீர், ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த சிநேகிதன் இந்திரகுமாரிடம் எண்ணெயை டீசலாக்கும் நொதியம் ஏற்றிய வெள்ளை மணிகள் ஒரு போத்தல் வாங்கி வந்தான். கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை இளஞ்சூடாக்கி, கொஞ்சம் மெதனோல் விட்டு, மணிகளைப் போட்டுக் கலக்கினால் டீசல் மேலே நிற்கும், கிளிசரின் அடியில் தங்கும். எண்ணெய்தான் தீரும், நொதியம் தீராது என்று இந்திரகுமார் படித்துப் படித்துச் சொன்னான். கழுவிய மணிகளைக் குசினியில் காயவைக்க பஸீருக்கு எப்படித்தான் புத்தி போனதோ! வெயிலில் காய்ந்து வந்த புருஷனின் உடம்பு குளிரட்டும் என்று, நப்லா அவற்றைச் சவ்வரிசி என நினைத்து, நோன்பு திறக்க அவனுக்குக் கஞ்சி காய்ச்சினாள். கொதித்தால் நொதியம் செத்துவிடும் என்கிறது புத்தகம். இது சாகவில்லை; பஸீரின் உடம்புக் கொழுப்பையே எண்ணெயாக எடுத்துக்கொண்டது.

வேன் கண்டிக்குப் போய்வந்தது, ஜெஸ்லாவின் முகம் வீங்கவில்லை, பஸீர் மட்டும் மெலிந்துகொண்டே போனான். நப்லா தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊற்றிச் சமைத்துப் போட்டும் உடம்பு பிடிக்கவில்லை. கடைசியில் இந்திரகுமாரிடம் ஓடினாள்.

"எப்படியாச்சும் நிப்பாட்டுங்க அண்ணே."

"எண்ணெய் தீர்ந்தா தானா நின்னுரும் தங்கச்சி," என்றவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸீரிடம் சொன்னால், "எனக்கு ஒண்டுமில்ல. புள்ளட மொகத்தப் பாரு, வீக்கம் ஈக்கா?" என்பான். அவன் முதுகைத் துடைத்த துணியை நப்லாவே டீசல் கானுக்குள் பிழிந்தாள். அதை வேனில் ஊற்ற வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எந்தத் தாய்க்கு வரும்? துணி பிழிந்த தன் கைகளை அவளுக்கே பிடிக்கவில்லை.

பிறகு வரிசைகள் குறைந்தன. பெற்றோல் ஷெட் டீசலை ஊற்றினால் வேன் இருமிவிட்டு நின்றது. பஸீருடையதை விட்டதும் புறப்பட்டது. அவனோ படியேறும்போது சத்தமே கேட்காத அளவுக்கு இலேசாகியிருந்தான். ஒரு காலை, சுபஹு தொழுத பாயில் அவன் சாரமும் சட்டையும் மட்டும் ஈரமாகக் கிடந்தன. வேனின் டாங்கி நிரம்பியிருந்தது. அது ஆஸ்பத்திரி நாள். நப்லா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே பிள்ளைக்கு உடுப்பு மாற்றினாள். வேனை இந்திரகுமார் ஓட்டினான். அடக்க உடல் இல்லாததால், பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழுதார்கள்.

அதன் பிறகு டாங்கியின் முள் இறங்கவே இல்லை. இப்போது வேனை நப்லாவே ஓட்டுகிறாள். ஏறுமுன் ஜெஸ்லா டாங்கி மூடியில் கை வைத்து, "வாப்பா, போவமா?" என்று கேட்பாள். சாவியைத் திருப்பிவிட்டு நப்லா அவசரப்படாமல் காத்திருப்பாள். காலையில் எழும்ப அவனுக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் எடுக்கும்.